1876 பேஸ்பால் பருவத்தின் முன்னணி மட்டையாளர் பட்டியலைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் போட்டித் தொடரான நேஷனல் லீக் 1876 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. எட்டு அணிகள் ஆடிய அதன் முதல் பருவத்தின் மட்டையாளர் பட்டியலைத் திறந்தால், சிகாகோ அணியின் ராஸ் பார்ன்ஸ் 0.429 சராசரியுடன் முதலிடத்தில் இருப்பார். கிரிக்கெட் பழகிய கண்கள் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். இது ஓட்டங்களை ஆட்டமிழப்புகளால் வகுத்துக் கிடைத்த எண் அன்று. ஹிட்களின் (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் ஓடித் தளத்தை அடைந்த முறைகள்) எண்ணிக்கையை அட்-பேட்களின் (மட்டையாளர் அடிக்க வந்ததாகக் கணக்கில் கொள்ளப்படும் முறைகள்) எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்தது.

ஆகவே சராசரியை நம்பும் முன் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். பார்ன்ஸ் 322 அட்-பேட்களில் 138 ஹிட்கள் அடித்தார், அதுதான் 0.429. ஆனால் அந்தப் பருவத்தின் விதிப்படி, தவறான பந்துகளால் மட்டையாளர் இலவசமாக முதல் தளத்திற்குச் செல்லும் 'வாக்' என்பதும் அட்-பேட்டாகவே கணக்கிடப்பட்டது. அவருடைய 20 'வாக்'களையும் சேர்த்து 342ஆல் வகுத்தால் சராசரி 0.404 ஆகக் குறைகிறது. எனவே ஒரே வீரருக்கு இரு நூல்களில் இரு சராசரிகள் கண்டால் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாமல், எந்த விதியின்படி கணக்கிட்டார்கள் என்று தேடுங்கள். எப்படிக் கணக்கிட்டாலும் முதலிடம் பார்ன்ஸுக்கே. இரண்டாமிடத்தில் உள்ள பிலடெல்பியாவின் ஜார்ஜ் ஹால் 0.366 மட்டுமே எடுத்திருந்தார்.

அடுத்து, மொத்த எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது அணிகள் சமமான ஆட்டங்கள் ஆடினவா என்று சரிபார்க்க வேண்டும். பிலடெல்பியா, நியூயார்க் அணிகள் பருவ இறுதியில் மேற்கு நகரங்களுக்குச் சென்று ஆட மறுத்ததால் (இதற்காகவே இரண்டும் லீக்கிலிருந்து நீக்கப்பட்டன), அவற்றின் வீரர்களுக்கு வாய்ப்புகள் குறைந்தன. அப்படியிருந்தும் ஹோம் ரன்னில் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ஓட்டம்) முதலிடம் ஹாலுக்குத்தான். அதுவும் வெறும் ஐந்து! லீக்கின் முதல் ஹோம் ரன்னை அடித்த பார்ன்ஸோ அந்தப் பருவம் முழுவதும் வேறொன்றும் அடிக்கவில்லை. வலுவாகத் தூக்கியடிப்பதைவிட இடம் பார்த்து அடிப்பதே அன்றைய திறமை என்பதை இதிலிருந்து உணரலாம்.

பட்டியலில் எழுதப்படாத விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். என் பார்வையில் மிக முக்கியமான படி இதுவே. 1876 வரை, அடிக்கப்பட்ட பந்து முதலில் ஆடுகோட்டுக்குள் தரையைத் தொட்டுவிட்டால், பிறகு வெளியே உருண்டோடினாலும் அது செல்லுபடியானது. பந்தை மட்டையால் அப்படிக் கோணமாகத் தட்டிவிட்டு, தடுப்பாளர் ஓடிப்போய் எடுப்பதற்குள் தளத்தை அடைவதில் பார்ன்ஸ் தேர்ந்தவர். 1877இல் விதி மாற, அவருடைய சராசரி 0.272 ஆகச் சரிந்தது. ஆனால் விதிமாற்றமே அவரை வீழ்த்தியது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்: அந்த ஆண்டு நோய்வாய்ப்பட்ட அவர் 22 ஆட்டங்களே ஆடினார்.

பிந்தைய பருவங்களுக்கும் இதே முறை பொருந்தும். குறிப்பாக 1887இன் பட்டியலைக் கையில் எடுத்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை, ஏனெனில் அந்த ஓராண்டு மட்டும் 'வாக்'கள் ஹிட்களாகவே எண்ணப்பட்டன. அவற்றைச் சேர்த்தால் சிகாகோவின் கேப் ஆன்சன் 0.421 சராசரியுடன் நேஷனல் லீக்கில் முதலிடம் பெறுகிறார். நீக்கினால் அந்த இடம் 0.372 எடுத்த டெட்ராய்ட்டின் சாம் தாம்சனுக்குப் போகிறது.