லைசென்ஸ் சரிபார்ப்பையும் பில்டோடு சேர்த்துவிடுங்கள்

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் புராஜெக்ட் வைத்திருக்கும் பலர், புரோகிராம் கோடை அங்கே அனுப்பியதும் (புஷ்) பில்டும் (கோடை மென்பொருளாகக் கட்டும் வேலை) டெஸ்டும் தானாக ஓடும்படி அதன் தானியக்க வசதியான ஆக்‌ஷன்ஸில் அமைத்துவிடுகிறார்கள், ஆனால் எந்த ஃபைலை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸை மட்டும் ரிலீஸுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து தேடுகிறார்கள். அதையும் அதே பில்டில் போட்டுவிடலாம்.

ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 'ரீயூஸ்' கருவி இதற்கு ரொம்ப நல்லது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் இரண்டு வரி: காப்பிரைட் யாருடையது, எந்த லைசென்ஸ் (லைசென்ஸ்களுக்கான பொதுப் பட்டியலான எஸ்பிடிஎக்ஸில் உள்ள சுருக்கப் பெயரில்). லைசென்ஸின் முழு வாசகம் தனி ஃபோல்டரில். அப்புறம் இதைச் சரிபார்க்கும் 'ரீயூஸ் லின்ட்' கட்டளை ஓடுவதற்கு ஒரு ஸ்டெப் சேர்த்தால், ஒரே ஒரு ஃபைலில் வரி விடுபட்டிருந்தாலும் பில்ட் நின்றுவிடும், எந்த ஃபைல் என்றும் பெயரோடு சொல்லிவிடும். நான் முதல் தடவை ஓட்டியபோது கோடெல்லாம் சரியாக இருந்தது, எப்போதோ எடுத்துப் போட்ட ஒரு ஐகான்தான் மாட்டியது. வரைந்தவர் எந்த லைசென்ஸில் கொடுத்திருக்கிறார் என்று தேடிப் பிடித்தேன். படத்துக்குள் வரி எழுத முடியாதே, அதனால் படத்தின் பெயரோடு '.லைசென்ஸ்' சேர்த்து பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபைல் வைத்தால் போதும்.

மற்றவர்கள் தங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுக்கும் இது ஓடட்டும், கோடு அனுப்புகிறவரே பார்த்துத் திருத்திவிடுவார்.

ஒன்று கவனம்: ரீயூஸ் பார்ப்பது நம் ஃபைல்களை மட்டும். வெளியிலிருந்து இழுக்கும் லைப்ரரிகளுக்கு (மற்றவர்கள் எழுதிய ஆயத்தக் கோடு) வேறு கருவி வேண்டும்: பைத்தான் மொழி என்றால் பிப்-லைசென்சஸ், ரஸ்ட் மொழி என்றால் கார்கோ-டெனி. அனுமதிக்கும் லைசென்ஸ்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், வேறு எது வந்தாலும் பில்ட் நிற்கும். உதாரணத்துக்கு, லைசென்ஸ் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றிருக்கும் கோடோடு அப்பாச்சி 2.0 லைசென்ஸில் உள்ள லைப்ரரி சேராது, ஜிபிஎல் 3 என்றால் சேரும். இந்த மாதிரி சிக்கலை ரிலீஸ் அன்றைக்குக் கண்டுபிடித்தால் லைப்ரரியையே மாற்ற வேண்டியிருக்கும்.