பாக்ஸ் ரிமோட்லயே டிவியையும் ஆன் பண்றது எப்படி
டிவிக்கு ஒண்ணு பாக்ஸுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிமோட்ட தேடுறவங்க, உங்க செட்டாப் பாக்ஸ் ரிமோட்ல டிவின்னு போட்டு தனியா நாலஞ்சு பட்டன் இருக்கான்னு பாருங்க, அனேகமா அது இன்னொரு ரிமோட்ட பாத்து கத்துக்கிற டைப்தான். பாக்ஸ் ரிமோட்ல செட் பட்டன லைட் விடாம எரியற வரைக்கும் அமுக்கி பிடிங்க, அப்புறம் அதே ரிமோட்ல இருக்கிற டிவி பவர் பட்டன ஒரு தட்டு, இப்ப ரெண்டு ரிமோட் முனையையும் நேருக்கு நேர் கிட்டக்க வெச்சு டிவி ரிமோட்ல பவர அமுக்குங்க, லைட் மின்னுச்சுன்னா ஏறிடுச்சு. வால்யூமும் அப்படியே, கடைசில திரும்ப செட். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஏறலியா? டிவி ரிமோட்ட செல்ஃபி கேமராவுக்கு காட்டி அமுக்குங்க, முனைல வெளிச்சமே தெரியலன்னா முதல்ல பேட்டரிய மாத்துங்க. ப்ளூடூத்ல ஓடுற ரிமோட்டுக்கு மட்டும் இது வேலைக்கு ஆகாது.