ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்து உப்புக்காற்றில் ஓக் கிட்டார் செய்வது எப்படி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர் மரக்கடையில் போய் ஓக் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் சில்வர் ஓக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். நீலகிரி, வால்பாறை டீ எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்கிறதே, அந்த ஆஸ்திரேலிய மரம். நிஜ ஓக்குக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ரெண்டிலும் பலகையை அறுத்தால் பளபளவென்று பூ, அதாவது திட்டுத் திட்டான கோலம், விழுந்திருக்கும், அதில்தான் ஏமாந்து போவோம். கையில் தூக்கிப் பாருங்கள், சில்வர் ஓக் லேசு. பைபிளில் கர்வாலி மரம் என்று வருகிறதே, அதுதான் ஓக். தென்னிந்தியக் காடுகளில் அது தானாக வளர்வதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து பலகையாகவோ, இயந்திரம் வந்த பெட்டியாகவோ, சரக்கு அடுக்கும் பேலட்டாகவோ வந்து இறங்குவதுதான்.

என்னுடையது பேலட். தூத்துக்குடியில் ஒரு காயலான் கடையில் கிடந்தது. பேலட் வாங்கினால் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்ற மரம், வாங்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம். ஓக்கைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி ஆணி. ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மை கொட்டின மாதிரி நீலக்கறுப்புக் கறை இருந்தால் அதில் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அது மட்டும் போதாது, கூடவே அந்தப் பூவும் கனமும் இருந்தால் ஓக்காக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை ஓக்கா சிவப்பு ஓக்கா என்று தெரிய வேண்டுமானால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை நார் ஓடும் திசையில் வெட்டி, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதுங்கள். குமிழி வந்தால் சிவப்பு. வெள்ளை ஓக்கில் துளைகள் அடைபட்டிருக்கும், பீப்பாய் செய்ய அதை எடுப்பதும் அதனால்தான். கிட்டாருக்கு ரெண்டும் ஆகும், எனக்கு வெள்ளை பிடிக்கும்.

ஓக்கில் சத்தம் நன்றாக வருமா என்று கேட்காதவர் இல்லை. சத்தத்தில் பெரும்பங்கு மேல்பலகையுடையது, அதற்கு ஸ்ப்ரூஸோ சீடரோ காசு கொடுத்தே வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் கூடாது. முதுகும் பக்கமும் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்பது புதுச் செய்தியும் அல்ல. 1862-லேயே ஸ்பெயினில் கிட்டார் செய்யும் அந்தோனியோ டி டோரஸ் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து காட்டிவிட்டார். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், முதுகு, பக்க மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து, எது எது என்று தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்க வைத்தார்கள். விலை உயர்ந்த ஈட்டி மரத்துக்கும் (ரோஸ்வுட்) சாதாரண மரத்துக்கும் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஓக் பேலட்டிலேயே 1995-இல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் கம்பெனிக்காரர் பாப் டெய்லர் ஒரு கிட்டார் செய்தார், விரல் பலகையில் பேலட் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் படத்தையும் பதித்துவிட்டார், குறும்பு. தட்டிப் பார்த்தால் ஈட்டி மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், ஓக் டங்கென்று சொல்லிச் சீக்கிரம் அடங்கும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

இனி வேலை. பேலட் பலகை அகலம் குறைவு, பெரும்பாலும் பத்து சென்டிமீட்டர்தான் தேறும். அதனால் பெரிய கிட்டாருக்கு ஆசைப்படாமல் சின்ன பார்லர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள், முதுகை நாலு துண்டாக ஒட்டுங்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஆண்டு வளையக் கோடுகள் நேராக நிற்கிற மாதிரி இருக்கிற பலகையை மட்டும் எடுங்கள், படுத்திருந்தால் அடுப்புக்கு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் சுலபமாக 80 சதவீதத்தைத் தொடும், அந்தக் காற்றில் கிடக்கும் மரத்துக்குள் எடையில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் தங்கும், அதே மரம் 50 சதவீத ஈரப்பதமுள்ள ஏசி அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த இறக்கத்தில் கோடுகள் நிற்கிற வெள்ளை ஓக்கில் 38 சென்டிமீட்டர் அகல முதுகு சுமார் 5 மில்லிமீட்டர் சுருங்கும், கோடுகள் படுத்த பலகையானால் 9. நீங்கள் உள்ளே குறுக்கே ஒட்டின சட்டங்கள் சுருங்காமல் பிடித்து நிறுத்தும், முதுகு என்ன செய்யும், வெடிக்கும்.

ஆகவே காய வைப்பதில்தான் பாதி வேலை. நாலு மில்லிமீட்டர் தடிமனுக்கு அறுத்து, நடுவில் சின்ன ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்கி, பழைய மர பீரோவுக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பைப் போட்டு வையுங்கள், மரத்தில் படாமல். கூட காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு மீட்டர். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுச் சுவரில் எழுதுங்கள், மூணு வாரம் எடை அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டம் ஒட்டும் வேலையே வேண்டாம். ஒட்டும்போது மீட்டர் 50-இலிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இன்னும் உலர்த்தலாமே என்பார்கள், ஆனால் கிட்டார் வாழப்போவது மண்டபத்தில், சென்னையின் ஏசி ஸ்டுடியோவில் அல்ல.

பக்கத்தை 2 மில்லிமீட்டருக்கும் முதுகை 2.5-க்கும் இழைத்துக்கொள்ளுங்கள். இழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம், ஓக் தூசி மூக்கில் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இனி பக்கப் பலகையை வளைப்பது. இங்கே படகு கட்டும் ஆசாரிகள் வங்குக்கு, அதாவது படகின் விலாச் சட்டத்துக்கு, வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார்கள், நமக்கு அந்த வசதி கிடையாது, சூட்டில்தான் வளைக்க வேண்டும், நல்லவேளையாக ஓக் அதற்குப் பேர்போன மரம். குழாயைச் சூடாக்கித் தண்ணீர் தெளித்தால் தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று துள்ளி மறைய வேண்டும், 150 டிகிரி அளவு. பலகையை லேசாக நனைத்து, அழுத்தாமல், மரமே இளகி விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து வளையுங்கள். முதல் கிட்டாரில் நான் செய்த கூத்து: இரும்புக் குழாயில், ஈரமான ஓக்கை வைத்து வளைத்தேன். அரை மணியில் பலகை முழுக்கக் கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. அதே டானின்தான், ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மையாகிவிடும், அந்தக் காலத்து எழுதும் மையே இப்படிச் செய்ததுதான். ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்துத் தடவினேன், பெரும்பகுதி போனது (கையுறை போடுங்கள், விஷம்). இப்போது அலுமினியக் குழாய். இரும்புதான் இருக்கிறது என்றால் நடுவில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். இரும்பு கிளாம்ப், இரும்புக் கம்பளி, இரும்புத் திருகாணி எதுவும் ஈர ஓக்கைத் தொடக்கூடாது, பித்தளைத் திருகாணி வாங்குங்கள். பாம்பன் பழைய பாலத்து இரும்பையே தின்ற காற்று இது, உங்கள் திருகாணி எம்மாத்திரம்.

ஓக்கின் துளை பெரிசு. பளிங்கு மாதிரி வேண்டுமென்றால் எபாக்ஸி பிசின் தேய்த்து நிரப்பலாம், நான் அப்படியே விட்டு அரக்கு பாலிஷ் மட்டும் போட்டேன், பூ நன்றாகத் தெரிகிறது. பாலிஷை மத்தியான வெயிலில், காற்று உலர்ந்த நேரம் பார்த்துப் போடுங்கள், ஈரக் காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கடைசியாக, எலும்பில் ரெண்டு சாடில், அதாவது கம்பிகள் உட்காரும் பட்டை, ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் செதுக்கி வையுங்கள். மழைக்காலத்தில் மேல்பலகை ஊதி உப்பி, கம்பி விரல் பலகையை விட்டு மேலே போய்விடும், அப்போது தாழ்ந்ததை மாட்டுங்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் பழையபடி உயரமானது. மாட்டாத சாடில் தொலையாமல் இருக்க, நான் அதைக் கிட்டார் பெட்டியின் உள்மூடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.