ஃபைனல் ஃபேன்டஸி 14: புதிதாக வருபவருக்கு எங்கே உதவுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக ஆடும் கேம்) ஒன்றுக்குள் நண்பரை இழுத்து வருவது சுலபம், மூன்றாவது வாரமும் அவர் லாகின் செய்கிறாரா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலும் செய்வதில்லை. கேட்டால் நேரம் இல்லை என்பார். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், வருடக்கணக்கில் ஆடிய நாலு பேர் ஒரே நேரத்தில் யோசனை சொல்லி, கில் (கேமுக்குள் புழங்கும் காசு) அள்ளிக் கொடுத்து, டன்ஜனுக்குள் (சிலர் சேர்ந்து எதிரிகளை அடித்து முன்னேறும் இடம்) அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி, அவர் ஆட வேண்டிய கேமை இவர்களே ஆடி முடித்திருப்பார்கள். அதனால் இங்கே சொல்லப்போவதில் பாதி, என்ன செய்யக் கூடாது என்பதுதான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ஐ வைத்தே பேசுகிறேன். 2010-இல் வந்து சொதப்பி, தயாரிப்பாளராக நவோகி யோஷிதா பொறுப்பேற்று, 2012-இல் பழைய சர்வர்களை மூடி, 2013 ஆகஸ்டில் எ ரெல்ம் ரீபார்ன் என்று புதிதாகத் திறந்த கேம் இது. 2024-இல் வந்த டான்ட்ரெயிலையும் சேர்த்தால் அதற்குப் பிறகு ஐந்து எக்ஸ்பான்ஷன்கள் (கதையை நீட்டிக்கும் கூடுதல் பாகங்கள்). நீங்கள் கடைசிப் படியில் நிற்கிறீர்கள், உங்கள் நண்பர் முதல் படியில், நடுவில் பத்து வருஷத்துக்கு மேலான கதை கிடக்கிறது. உதவி கெடுதலாக மாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியை நாம் மறந்துபோவதால்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் புதியவர்களுக்குத் தனி சாட் இருக்கிறது, கில்ட் வார்ஸ் 2-இல் தலைக்கு மேல் ஆப்பிள் குறி போட்டுக்கொண்டு மென்டராக (வழிகாட்டியாக) நிற்கலாம், ஆனால் எந்த கேமில் நின்றாலும் பழைய ஆட்கள் பண்ணுகிற ரகளை ஒரே மாதிரிதான்.

பணம் போடுவதற்கு முன்னால்

இலவச ட்ரையலில் லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் என்ற இரண்டாவது எக்ஸ்பான்ஷன் வரைக்குமான கதை முழுவதும் கிடைக்கிறது, இத்தனை நாள்தான் என்ற கெடுவும் இல்லை. மார்க்கெட் போர்டு (ஆடுபவர்கள் பொருள் வாங்கி விற்கும் சந்தை) கிடையாது, ஃப்ரீ கம்பெனியில் (ஆடுபவர்களின் குழுவில்) சேர முடியாது, கில் மூன்று லட்சத்துக்கு மேல் சேராது. புதியவருக்கு இதில் எதுவுமே பல மாதங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தக் கணக்கில் ட்ரையலுக்குத் திரும்ப வழியில்லை. அதனால் தள்ளுபடி விலையைப் பார்த்ததும் “வாங்கிடு, வாங்கிடு” என்று அவசரப்படுத்தாதீர்கள். அவரே வாங்கும் நாள் வந்தால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: பிசி ஆட்டத்தை ஸ்டீமில் வாங்கினால் பின்னால் வரும் எக்ஸ்பான்ஷன்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும், அதைக் கலக்க முடியாது.

சர்வர் விஷயத்தில் மட்டும் கேட்காமலே வாயைத் திறக்கலாம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆடுபவருக்குப் பக்கத்தில் டேட்டா சென்டர் இல்லை. ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா, 2022-இல் திறந்த ஓசியானியா, இவற்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கே அவர் கேரக்டர் உண்டாக்காவிட்டால் சேர்ந்து ஆடும் ஆசை முதல் நாளே அடிபடும். அவருடைய இணைய இணைப்பில் அங்கே பிங் (சர்வர் பதில் தரும் தாமதம்) எப்படி இருக்கிறது என்று ட்ரையலிலேயே ஒரு கேரக்டர் போட்டு ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள், செலவில்லை.

எந்த கிளாஸ் (கேரக்டரின் சண்டை வகை) எடுப்பது என்று கேட்பார். ‘உனக்கு எது பிடிச்சிருக்கு’ என்று திருப்பிக் கேளுங்கள். “ஹீலர் (மற்றவர்களைக் குணப்படுத்துபவர்) எடு, க்யூ (டன்ஜனுக்குக் காத்திருக்கும் வரிசை) சீக்கிரம் வரும்” என்பதெல்லாம் உங்கள் சௌகரியத்துக்கான பதில். ஒரே கேரக்டரில் எல்லா ஜாப்பும் (கிளாஸின் வளர்ந்த வடிவம்) ஆடலாம், முதல் கிளாஸின் லெவல் 10 குவெஸ்ட் (கேம் தரும் பணி) முடிந்ததும் மற்ற கிளாஸ்களின் கில்டுகள் திறந்துவிடும் என்று சொன்னாலே அவருடைய பாதி பயம் போய்விடும். கேரக்டரின் இனத்தால் வரும் ஸ்டாட் (பலம் போன்ற எண்கள்) வித்தியாசம் கணக்கிலேயே வராத அளவு சின்னது, முயல் காது பிடித்திருந்தால் முயல் காதே வைத்துக்கொள்ளட்டும். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் உண்டு: ஆரம்ப ஊர் கிளாஸைப் பொறுத்து அமையும். கிளாடியேட்டர் என்றால் உல்டா, ஆர்ச்சர் என்றால் கிரிடேனியா, ஆர்க்கனிஸ்ட் என்றால் லிம்சா லொமின்சா. இரண்டு நண்பர்கள் ஒன்றாகத் தொடங்குகிறார்கள் என்றால் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆளுக்கொரு கண்டத்தில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தேடுவார்கள்.

முதல் நாள்

மூன்றே விஷயம் காட்டுங்கள். திரையின் மேல் இடது மூலையில் நிற்கும் மெயின் கதைக் குவெஸ்ட், அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. ஊரில் பெரிய நீலப் படிகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஈதரைட், புது ஊருக்குள் நுழைந்ததும் அதைத் தொட்டுவைத்தால் பின்னால் அங்கே டெலிபோர்ட் ஆகலாம். அப்புறம் கூட்டல் குறி போட்ட நீலக் குவெஸ்ட், ஏதாவது ஒரு புது வசதியைத் திறப்பது அதுதான், தங்க நிறக் குவெஸ்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு போதும். ஹாட்பாரை எப்படி அடுக்குவது, கிராஃப்டிங், வீடு வாங்குவது, கிளாமர், கோல்ட் சாசர் எல்லாம் அவர் கண்ணில் படும்போது அவரே கேட்பார்.

கில் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது சில்லறை, அவருக்கு அது கேமின் ஒரு பகுதியையே அடைத்துவிடுகிற விஷயம். அடுத்த ஊர்க் கடையில் ஒரு நல்ல வாளுக்கு டெலிபோர்ட் செலவைக் குறைத்து, நடந்தே போய்ச் சேர்த்து வாங்கும் அனுபவம் ஒருமுறைதான் கிடைக்கும். 20-ஆம் லெவலை ஒட்டி கிராண்ட் கம்பெனியில் (ஊர்ப் படையில்) சேர்ந்து, அங்கே செல்லும் காசான சீல் 200 சேர்த்து, முதல் சோகோபோவை (ஏறிப் போகும் பெரிய பறவை) அவரே வாங்கி ஏறிப் போகட்டும். இரண்டு பேர் ஏறும் உங்கள் மவுண்டில் முதல் நாளே அவரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினால் சோகோபோ கிடைக்கும் அன்றைக்கு அது ஒரு கோழியாகத்தான் தெரியும்.

சஸ்தாஷா

உதவியின் உண்மையான பரீட்சை முதல் டன்ஜன். லெவல் 15-இல் சஸ்தாஷா திறக்கும். அதற்கு முன் ஹால் ஆஃப் தி நோவிஸுக்கு அனுப்புங்கள். அங்கே கொடுக்கும் பயிற்சி சுமார்தான், ஆனால் பரிசாக வரும் மோதிரம் லெவல் 30 வரை 30 சதவீதம் கூடுதல் அனுபவப் புள்ளி தரும், அதை வைத்தே ஆசை காட்டலாம். டேங்க் (எதிரிகளின் அடியைத் தாங்குபவர்) ஆடுபவர் என்றால் ஸ்டான்ஸ் (எதிரிகளைத் தன் பக்கம் திருப்பும் நிலை) போட மறக்காதே என்று ஒரு வரி. கிளாடியேட்டருக்கு லெவல் 10-இலேயே அயர்ன் வில் என்ற ஸ்டான்ஸ் வந்துவிடும், ஆனால் அதை ஆன் செய்யாமலே உள்ளே வந்து, மான்ஸ்டரெல்லாம் ஏன் ஹீலரைத் துரத்துகிறது என்று திணறும் டேங்குகளை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கலாம். இன்னொன்று, டன்ஜனில் செத்தால் அனுபவப் புள்ளி எதுவும் போகாது, கியர் கொஞ்சம் தேயும், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். பழைய கேம்களிலிருந்து வருபவர்கள் சாவுக்கு ரொம்பப் பயப்படுவார்கள்.

உள்ளே போன பிறகு நீங்கள் பேசாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. சஸ்தாஷாவில் ரத்தக்கறை படிந்த ஒரு குறிப்புச் சீட்டு கிடக்கும். அதைப் படித்தால் எந்த நிறப் பவளத்தைத் தொட வேண்டும் என்று தெரியும், சிவப்பா நீலமா பச்சையா என்பது ஒவ்வொரு முறையும் மாறும், தப்பானதைத் தொட்டால் எதிரிகள் வருவார்கள். கேம் தருகிற முதல் குட்டிப் புதிர். நம்மவர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் ஓடிப்போய்ச் சரியான பவளத்தைத் தட்டிவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருப்பார்கள். புதியவர் வந்து சேரும்போது கதவு திறந்திருக்கும், ஏன் திறந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இப்படியே ஒவ்வொரு டன்ஜனும் நடந்தால் அவருக்கு இந்த கேம் முதுகுகளைத் துரத்தி ஓடுகிற கேமாகத்தான் நினைவில் இருக்கும். அந்தச் சீட்டை அவர் படிக்கட்டும். தப்பாகத் தொட்டால் வருகிற நாலு எதிரியை அடிக்கத்தானே நீங்கள் கூடவே இருக்கிறீர்கள்.

எத்தனை கூட்டத்தை ஒன்றாக இழுப்பது என்பது டேங்கின் முடிவு, புதியவர் டேங்காக இருந்தால் கட்டாயம் அவருடைய முடிவு. அவர் ஒவ்வொரு கூட்டமாகப் போனால் ஒவ்வொரு கூட்டமாகவே போங்கள், டிபிஎஸ் (எதிரிகளை அடிப்பதே வேலையானவர்) ஆடிக்கொண்டு முன்னால் ஓடி அடுத்த கூட்டத்தைத் தட்டிவிடுவதைவிட அசிங்கமான காரியம் வேறில்லை. அவருக்குக் கதைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தால் பாஸை (டன்ஜனின் பெரிய எதிரியை) அடிக்காமல் நில்லுங்கள். பார்ட்டியில் முதல்முறை வருபவர் இருந்தால் திரையில் செய்தி வரும், ரூலட் (எந்த டன்ஜன் என்று கேமே தேர்ந்து அனுப்பும் முறை) வழியாக வந்த மற்றவர்களுக்குக் கூடுதல் போனஸும் சேரும், ஆக நீங்கள் காத்திருக்கும் இரண்டு நிமிஷத்துக்குக் கூலி ஏற்கெனவே வந்துவிடுகிறது.

கடைசி பாஸ் சண்டையில் தரையில் உள்ள கம்பித் தட்டியில் தண்ணீர் கொப்பளித்தால் போய்த் தொட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் எதிரிகள் வருவார்கள். இதைக்கூட முன்னாலேயே விரிவுரையாக நடத்த வேண்டாம். எதிரிகள் வந்த பிறகு ‘அந்தத் தட்டியைப் பாருங்க’ என்று ஒரு வரி போட்டால் மனதில் நிற்கும். சண்டை நடுவில் நீள நீளமாக டைப் செய்தால் அவர் அதைப் படிக்க நின்று செத்துப்போவார். திருத்தம் ஏதாவது சொல்வதானால் டன்ஜன் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள், எது முக்கியமோ அது. முடிந்ததும் கமெண்டேஷனை (பாராட்டு ஓட்டை) அவருக்குப் போடுங்கள்.

முகம் தெரியாதவர்களோடு போக வெட்கப்படுபவர்களும் உண்டு, அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. மெயின் கதையில் வரும் நாலு பேர் டன்ஜன்களை டியூட்டி சப்போர்ட் என்ற வசதியில் என்பிசிகளோடு (கேமே இயக்கும் பாத்திரங்களோடு) போகலாம். அவர்கள் மெதுவாக ஆடுவார்கள், பாஸ் அடி விழுமுன் சரியான இடத்துக்கு நகர்வார்கள், அவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆங்கிலம் தடுமாறுபவருக்கு இன்னொன்றும் காட்டுங்கள்: சாட்டில் சில எழுத்துகளை அடித்து டேப் தட்டினால் ஆட்டோ டிரான்ஸ்லேட் வாக்கியங்கள் வரும், எதிரில் இருப்பவருக்கு அது ஜப்பானிய, ஆங்கில, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் அவரவர் கேம் எந்த மொழியிலோ அதில் தெரியும். தமிழ் அதில் இல்லை, ஆனாலும் வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்று சொல்ல அது ஏகதேசம் போதும்.

கதை

எ ரெல்ம் ரீபார்ன் நீளம். 2020-இல் 5.3 அப்டேட்டில் குவெஸ்டுகளைக் குறைத்த பிறகும் நீளம்தான். இங்கேதான் நிறையப் பேர் சோர்வார்கள், இங்கேதான் நாமும் ‘ஷேடோபிரிங்கர்ஸ் வரை பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் பாரு’ என்று மூன்றாவது எக்ஸ்பான்ஷனைக் காட்டிச் சொல்லத் துடிப்போம். சொல்லாதீர்கள். இப்போது ஆடுவது வீண் என்றுதான் அது அவர் காதில் விழும். கதையைத் தாண்டிப் போகும் பொருளைக் காசுக்கு விற்கிறார்கள், புதியவருக்கு அதைச் சிபாரிசு செய்பவர் அவருக்கு நண்பரே இல்லை என்பது என் கருத்து. யார் சாவார், யார் துரோகி என்பதையெல்லாம் சொல்ல மாட்டீர்கள், சரி. ஆனால் ஒரு பெயர் வந்ததும் ‘ஓ அவரா...’ என்று இழுப்பதும் ஸ்பாய்லர்தான்.

லெவல் 30-இல் மட்டும் ஒருமுறை தட்டிக்கேளுங்கள். கிளாஸ் குவெஸ்டும், மெயின் கதையில் சில்ஃப்-மேனேஜ்மென்ட் என்ற குவெஸ்டும் முடித்தால் ஜாப் திறக்கும், ஒரு சோல் கிரிஸ்டல் தருவார்கள். அதை மாட்ட மறந்து லெவல் 40-லும் வெறும் கிளாடியேட்டராகவே சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். “கல்லை மாட்டினீர்களா” என்று தனியாக டெல் (அவருக்கு மட்டும் தெரியும் செய்தி) அனுப்புங்கள், பார்ட்டி சாட்டில் எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

பெயருக்குப் பக்கத்தில் துளிர் குறி இருந்தால் அவர் புதியவர், கிரீடம் இருந்தால் மென்டர். கிரீடம் வாங்க நிறைய ஆடியிருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, அதனால்தான் அதைப் பர்கர் கடைக் காகிதக் கிரீடம் என்று கிண்டல் செய்கிறார்கள். நோவிஸ் நெட்வொர்க்கில் (புதியவர்களும் மென்டர்களும் பேசும் சாட் சானல்) ஒருவர் கேள்வி கேட்டால் முதலில் பதில் வந்துவிட்டதா என்று பாருங்கள், வந்திருந்தால் அதன்மேல் ஏறி விவாதம் நடத்த வேண்டாம். ‘ஈதரைட் எங்கே’ என்ற கேள்விக்கு மூன்று மென்டர்கள் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டுப் புதியவர் சத்தமில்லாமல் அந்தச் சானலைவிட்டு வெளியேறுவது அடிக்கடி நடக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் கேட்காமலே சொல்லலாம். கில் மலிவாக விற்கிறோம் என்று டெல் வரும், பரிசு விழுந்திருக்கிறது என்று லிங்க் வரும், இரண்டையும் தொடக் கூடாது. ஒன் டைம் பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள். போட்டால் ஒரு ஈதரைட்டுக்கு இலவசமாக டெலிபோர்ட் ஆகும் சலுகை கிடைக்கும், பத்திரமாக இரு என்று உபதேசம் செய்வதைவிட இதைச் சொன்னால் சீக்கிரம் போட்டுவிடுவார். யாராவது தொல்லை கொடுத்தால் பிளாக்லிஸ்ட் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவையுங்கள், குறிப்பாகப் பெண்களுக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும்.

நடுவில் அவர் காணாமல் போனால் ‘எப்ப வருவே’ என்று வாராவாரம் கேட்காதீர்கள். வேலை, பரீட்சை, கல்யாணம் என்று ஆயிரம் இருக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, எந்தப் பொத்தான் எதற்கு என்றே மறந்துவிட்டது என்பார். பழைய டன்ஜன் ஒன்றை டியூட்டி சப்போர்ட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், லெவல் சிங்க் (டன்ஜனின் லெவலுக்கு ஆடுபவரை இறக்குவது) பொத்தான்களைக் குறைத்துவிடும், விரல்களுக்குப் பழக்கம் திரும்பும். கதை மறந்திருந்தால் ஏதாவது ஊரில் இன் (சத்திரம்) அறைக்குப் போய் அன்எண்டிங் ஜர்னி புத்தகத்தைத் திறந்தால், இதுவரை பார்த்த காட்சிகளை மறுபடி ஓடவிடலாம்.