வெட்டவெளியில் தலைமுடி தானாக எழுந்து நின்றால்

விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு மொட்டைப் பாறையின் உச்சியில் நின்றிருந்தோம். பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். வானம் பாதி நீலம், பாதி கருமேகம். ஒரு சொட்டு மழை இல்லை. திடீரென்று அண்ணன் மகள், "அத்தை, என் தலையைப் பாருங்க!" என்று கத்தினாள். அவள் முடி இழை இழையாகப் பிரிந்து நேராக மேலே நின்றது. காற்றுகூட இல்லை. எல்லோரும் சிரித்தோம். அண்ணன் போனை எடுத்து, "அப்படியே நில்லும்மா, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்றார். அப்போதுதான் என் கையிலிருந்த இரும்பு ஊன்றுகோலில் வண்டு முரல்வதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் படத்தை எடுக்காதீர்கள். முடி எழுந்தால் அந்த நொடியே இறங்கத் தொடங்குங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இடிமேகத்துக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மோதி மின்னூட்டம் பிரிகிறது. பெரும்பாலும் மேகத்தின் அடிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் சேரும். அது கீழே தரையிலும் நம் உடம்பிலும் நேர்மின்னூட்டத்தை இழுத்து நிறுத்தும். ஒவ்வொரு முடியிலும் ஒரே வகை மின்னூட்டம் ஏறுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எழுகின்றன. தோல் கூசுவது, கம்பியும் கோலும் முரல்வது எல்லாம் இதே காரணத்தால்தான். மின்னல் இறங்கும் இடமாக நீங்களே ஆகக்கூடும் என்பதுதான் இதற்கு அர்த்தம். 1975 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் செகோயா தேசியப் பூங்காவில், மோரோ பாறை மீது இரண்டு சகோதரர்கள் முடி எழுந்து நிற்கச் சிரித்துக்கொண்டு எடுத்த படம் இன்றும் இருக்கிறது. சற்று நேரத்தில் அங்கே மின்னல் தாக்கியது. அவர்களில் ஒருவர் படுகாயம் அடைந்தார்.

சரி, எப்படி இறங்குவது? உச்சியையும் முகட்டையும் விட்டுத் தாழ்வான பக்கமாகப் போங்கள். கைப்பிடிக் கம்பி, வேலி, தனி மரம், தேங்கிய தண்ணீர் இவற்றிலிருந்து விலகுங்கள். கோல், குடை போன்ற நீளமானவற்றைக் கீழே போட்டுவிடுங்கள். பயத்தில் எல்லோரும் ஒரே கொத்தாகச் சேர்ந்துகொள்ளத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் மின்னல் ஓர் இடத்தில் இறங்கினாலும் அதன் மின்சாரம் தரை வழியே பரவும், ஒருவர் உடம்பிலிருந்து பக்கத்தில் நிற்பவருக்கும் தாவும். விலகிப் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விழும் ஆபத்து குறைகிறது, விழுந்தவருக்கு உதவ ஆளும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே இருபது முப்பது மீட்டர் விடுங்கள். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்வதே வேகம்.

குந்தி உட்கார்ந்து காதைப் பொத்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் பாதுகாப்பு மிகக் குறைவு. ஓர் அடிகூட நகர வழியில்லாதபோது மட்டும், பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்துங்கள். கால்களை அகட்டினால் ஒரு கால் வழியாக ஏறும் மின்சாரம் மறு கால் வழியாக இறங்கும். அதே காரணத்தால் படுக்கவே கூடாது.

ஒதுங்க இரண்டே இடங்கள்தான் உண்டு: மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடும் முழுமையான கட்டடம், அல்லது உலோகக் கூரையுள்ள, கண்ணாடிகள் ஏற்றிய கார். சுவரில்லாத கொட்டகையும் கூடாரமும் மழைக்குத்தான் உதவும். காரில் நம்மைக் காப்பது டயரின் ரப்பர் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் மின்சாரத்தைச் சுற்றிக் கடத்திவிடுவது அதன் உலோக உடல். உள்ளே உட்கார்ந்த பிறகு உலோகப் பகுதிகளைத் தொட வேண்டாம்.

யாராவது தாக்கப்பட்டால் தயங்காமல் தொடுங்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டு, மூச்சுப் பேச்சில்லாதவரிடம் முதலில் ஓடுங்கள். மற்ற விபத்துகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆனால் மின்னலில் இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியும் மூச்சு நின்றே இருக்கலாம். அந்த இடைவெளியில் காப்பாற்ற முடியும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள், பழகியவர் மூச்சும் ஊதட்டும், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.

நாங்கள் பாதி வழி இறங்கியிருந்தபோது உச்சியில் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம். எங்களுக்கு எண்ணவே இடைவெளி இல்லை. காருக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. வெயில் அடித்தாலும்தான், ஏனென்றால் மேகத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழும். நேரம் பார்க்கும் வேலையை அண்ணன் மகளிடம் கொடுத்தோம். 22 நிமிடம் ஆனபோது தூரத்தில் இன்னொரு இடி உருண்டது. "அத்தை, திரும்ப முதல்லேருந்தா?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி எண்ணத் தொடங்கினாள்.