நீர்நாய்க்குப் பின்னால் நிற்கும் சக்கரம்: வனவிலங்குப் படங்களைச் செம்மைப்படுத்தும் முறை

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஒரு காலைப்பொழுதில் நான் எடுத்த நீர்நாய்ப் படம் ஒன்றை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். மீனைக் கவ்விக்கொண்டு கரையேறும் அந்த விலங்கின் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் அதன் தலைக்கு நேர்பின்னால் ஒரு மிதிவண்டியின் முன்சக்கரம் பாதியளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. படமெடுத்தபோது அந்தச் சக்கரம் என் கண்ணில் படவே இல்லை. படத்தைப் பார்ப்பவர்களோ முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் வனவிலங்குகளைப் படமெடுக்கும் எவருக்கும் இந்தச் சிக்கல் ஓயாமல் வரும். பாசிர் ரிஸ்ஸில் இருவாச்சி விளக்குக் கம்பத்தின்மேல் வந்து அமரும். உடும்பு நடைபாதையின் குறுக்கே படுத்து வெயில் காயும். மீன்கொத்திக்குப் பின்னால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடம் எழுந்து நிற்கும். ஆகவே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும்: இந்தப் படத்தில் நகரம் இருக்கப்போகிறதா, இல்லையா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நல்ல படம் கிடைக்கும். தீர்மானிக்காமல் விடும்போதுதான் அரைச் சக்கரமும் கால்வாசிக் குப்பைத்தொட்டியும் உள்ளே நுழைகின்றன.

நகரம் வேண்டாம் என்றால், முதலில் மாற்ற வேண்டியது லென்ஸை அன்று, நிற்கும் இடத்தை. விலங்கின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, தேவையானால் புல்லில் குப்புறப் படுத்து எடுக்கும்போது, அதன் காலடித் தரையே பின்னணியாக இருந்த நிலை மாறி, தொலைவிலுள்ள மரங்களோ நீரோ பின்னணியாகின்றன. 400 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 5.6 துளை அளவில், 10 மீட்டர் தொலைவில் இருக்கும் நீர்நாயை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மிதிவண்டி அதற்கு 2 மீட்டர் பின்னால் இருந்தால், மங்கலாகவேனும் அது மிதிவண்டி என்று தெரிந்துவிடும். 40 மீட்டர் பின்னால் இருந்தால் பெரும்பாலும் வெறும் நிறத்திட்டாகக் கரைந்துவிடும். பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்வதும் இதே வேலையைச் செய்யும். நீண்ட லென்ஸ்களுடன் ஒரே வரிசையில் நிற்கும் கூட்டத்தில் சேர்ந்து நின்றால் அனைவருக்கும் கிடைக்கும் படமே உங்களுக்கும் கிடைக்கும். அந்த வரிசையின் கடைசி ஆளுக்கு அப்பால் நகர்ந்து பார்ப்பது என் வழக்கம்.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் படுக்க வழியில்லை; நடைபாதைகளும் பாலமும் சேற்றுக்கு மேலே உயரத்தில் இருக்கின்றன. அங்கே காலடியிலேயே தெரியும் முதலையைச் செங்குத்தாகக் குனிந்து எடுப்பதைவிட, சற்றுத் தொலைவில் இருப்பதை நீண்ட லென்ஸால் எடுப்பது மேல், ஏனென்றால் தொலைவு கூடக் கூடப் பார்வைக் கோணம் தாழ்ந்து கண்மட்டத்தை நெருங்குகிறது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசை வரும் கரைப்பறவைகளைத் தேடிச் செல்வோர் அலையேற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நீர் வடிந்திருக்கும்போது சேற்றுவெளி எங்கும் பரவி மேயும் பறவைகள், நீர் ஏறியதும் காப்பகத்தின் உட்குளங்களுக்கு வந்து கூட்டமாக ஓய்வெடுக்கும்.

நகரம் வேண்டும் என்றால் அதை முழுமையாக உள்ளே அழையுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்த இருவாச்சியை எடுக்கும்போது, அந்த நீண்ட தாழ்வாரமும் உலரும் துணிகளும் இன்னவை என்று புரியும்படி அகன்ற சட்டகத்தில் வர வேண்டும். பறவை சட்டகத்தில் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒளியும் நிழலும் மிக வலுவாக மோதும் இடம் அதுவாக இருக்க வேண்டும். அதன் அலகு எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கத்தில் கூடுதல் இடம் விடுங்கள்.

சட்டகத்தின் எல்லைகளைக் கவனிக்காமல் கெட்ட படங்கள் என்னிடம் நிறைய உண்டு. உடும்பின் வாலை நுனிவரை சேர்க்க வேண்டும், அல்லது முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க வேண்டும். வாலின் நடுவில் வெட்டினால் பார்ப்பவருக்கு உறுத்தும். கிளையோ கம்பியோ தலையை ஊடுருவிச் செல்வதுபோல் தோன்றினால் அரை அடி நகருங்கள். கண்ணில் ஒளிப்பொட்டு விழும்வரை காத்திருங்கள். அது இல்லாத கண் உயிருள்ள விலங்கின் கண்ணாகவே தோன்றாது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு எழுந்து, செங்குத்தாகவும் விரைவாகவும் மேலேறிவிடுகிறது. இதமான ஒளி நீடிப்பது ஒன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டம் நல்லதே, வெளுத்த வானம் சட்டகத்துக்குள் வராதவரை. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனி படரும் என்பதால், கேமராவைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து வெளி வெப்பத்துக்குப் பழக்குங்கள்.

வெண்கொக்கின் இறகு வெளிறிப்போனால் எந்தத் திருத்தத்தாலும் அதை மீட்க முடியாது. இருண்ட பின்னணியில் நிற்கும் கொக்குக்கு ஒளியளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, சென்சாரின் தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கிறது. 14 பிட் ரா கோப்பில் அவை 16,384. பின்னர் நிழலை உயர்த்தும்போது கறையும் பட்டையும் தோன்றாமல் காப்பது இந்த வேறுபாடுதான்.

திருத்தத்தின் முதல் வேலை கழிப்பது. கண் கூர்மையாக இல்லாத படங்களை இரக்கமின்றி நீக்குங்கள். அடுத்து நீர்க்கோட்டை நேராக்கி, ஓரங்களை வெட்டுங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 என்ற அளவில் இருக்கும். அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல் மட்டுமே. திரைக்கு அது தாராளம். ஆனால் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 3508-க்கு 2480 பிக்சல்கள் வேண்டும் என்பதால், சுவரில் மாட்ட நினைத்தால் போதாது.

மரநிழலில் எடுத்த படங்களில் இலைகளின் பச்சைச் சாயல் விலங்கின் உடலிலும் படிந்திருக்கும். நீள்வால் குரங்கின் சாம்பல் மயிர் பாசி பிடித்ததுபோல் தெரிந்தால், படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையில் மெஜந்தா (கருஞ்சிவப்பு) பக்கம் சிறிது நகர்த்துங்கள். செந்நிறத் தேன்சிட்டில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு: நிறச்செறிவைக் கூட்டியதும் மார்பின் சிவப்பு ஒரே தட்டையான பரப்பாகி இறகுகள் மறைந்துவிடும். ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பார்த்தபடியே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இதன்பின் பகுதித் திருத்தம். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் விலங்கை மட்டும் தனியே தெரிவு செய்யும் வசதி இருக்கிறது. நான் விலங்கை ஒளியேற்றுவதைவிடப் பின்னணியைச் சிறிதே இருட்டாக்குவதை விரும்புகிறேன்; முன்னதில் உடலைச் சுற்றி வெள்ளை வளையம் எளிதில் தோன்றிவிடுகிறது. இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு) நீக்கத்தைப் பின்னணியில் தாராளமாகவும் இறகிலும் மயிரிலும் குறைவாகவும் செய்யுங்கள். கூர்மையாக்கத்தை, படத்தின் அளவைச் சுருக்கிய பிறகு, கடைசியில் செய்யுங்கள்.

சரி, அந்தச் சக்கரத்தை அழித்துவிடலாமே என்று கேட்கலாம். இன்று கைப்பேசியிலேயே ஒரு தொடுதலில் அழியும். சென்சாரில் ஒட்டிய தூசியை நீக்குவதில் எனக்கு உடன்பாடே. அங்கே உண்மையில் இருந்த பொருளை நீக்குவதில்லை என்பது என் முடிவு. இயற்கைப் படப் போட்டிகள் பலவும் பொருள்களைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. காட்சியையே ஏற்பாடு செய்வது அதைவிட மோசம்: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் 2009-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அதிலிருந்தது பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் கருதியதால் 2010 ஜனவரியில் தகுதியிழந்தது. சிங்கப்பூரில் இரை போட்டு விலங்கை வரவழைப்பது சட்டப்படியும் குற்றம். 2020-இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதன்முறை குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

திருத்திய படத்தை அன்றே யாருக்கும் அனுப்பாமல் ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். விலங்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தால் வெட்டிய எல்லையையும் பின்னணியின் ஒளியையும் மீண்டும் சரிபாருங்கள். உடனே தெரிந்தும் நிறம் மட்டும் கூவுகிறது என்றால், நகர்த்திய அளவுகள் அனைத்தையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.