பிரெஞ்சுப் பிரபுக்களின் வெள்ளிக்காசு: எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள்

10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பிரான்சில் பிரபுக்களும் பிஷப்புகளும் மடாலயங்களும் தாங்களே காசு அடித்தார்கள். பெரும்பாலும் 'தெனியே' எனும் சின்ன வெள்ளிக்காசு, எடை ஒரு கிராம் அளவில்தான். விலை அதிகமில்லை என்பதால் புதிதாகச் சேகரிப்பவர்கள் இதில்தான் முதலில் கை வைக்கிறார்கள். முதலில் சறுக்குவதும் இதில்தான்.

பெரிய சறுக்கல், காசில் உள்ள பெயரை வைத்துக் காலம் சொல்வது. புவாத்தூ பகுதியின் மெல் நகரக் காசில் 'கார்லுஸ் ரெக்ஸ்', அதாவது சார்ல்ஸ் ராஜா என்று இருக்கும். அந்தப் பெயருக்குரிய ராஜா, வழுக்கை சார்ல்ஸ், 877இலேயே இறந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் புவாத்தூ பிரபுக்கள் அதே பெயரில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். லெ மான் நகரக் காசு இதைவிட வேடிக்கை: 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மறைந்த எர்பெர் பிரபுவின் பெயர்ச்சின்னம் (பெயரின் எழுத்துகளைக் கோத்த குறி) 13ஆம் நூற்றாண்டிலும் அச்சில் இருந்தது. சந்தையில் பழகிய முகத்தைத்தான் வியாபாரி தயங்காமல் வாங்குவான்; அச்சை மாற்றினால் வெள்ளியைக் குறைத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு எழுத்தின் வடிவம், எடை, வெள்ளியின் தரம் இவற்றைப் பாருங்கள்.

சின்னத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்வதும் ஆபத்து. சீப்பு இருந்தால் ஷம்பாஞ் பிரபுக்களின் புரொவென் நகரக் காசு என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஷம்பாஞ் வணிகச் சந்தைகளில் புழங்கிய அந்தக் காசுக்கு இத்தாலி வரை மதிப்பு இருந்ததால், ரோம் நகர செனட்டே 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. விளிம்பில் ரோமின் பெயர் வருகிறதா என்று பொறுமையாகப் படியுங்கள். புளுவா, ஷார்த்ர் நகரக் காசுகளில் வேறு தொல்லை: பக்கவாட்டு முகம் ஒன்று, அச்சைப் பார்த்து அச்சு வெட்டி வெட்டியே கோடும் முக்கோணமுமாகிவிட்டது. ஏதோ கட்டடம் என்று நினைத்துத் தலைகீழாகப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

கறுத்திருக்கிறதே, போலியோ என்று பயப்பட வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் பல ஊர்க் காசுகளில் பாதிக்கும் மேல் செம்புதான். பளபளவென்று வெள்ளையாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். யாரோ அமிலத்தில் போட்டு மேல்பரப்புச் செம்பைக் கரைத்திருக்கலாம். புளி, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பொடி எதுவும் கிட்டவே வரக்கூடாது. தகடு மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் எழுத்து போகும், சில சமயம் காசே உடையும்.

அப்புறம் இன்னொரு சறுக்கல், காசோடு வரும் பழைய துண்டுச்சீட்டைத் தூக்கி எறிவது. பெயர் மாறாத இந்தக் காசுகளுக்குக் காலம் சொல்ல நல்ல வழி, ஒரே புதையலில் கூடக் கிடைத்த மற்ற காசுகள்தான். எந்தப் புதையல், எந்த ஏலம் என்று அந்தச் சீட்டில் குறிப்பு இருந்தால் அதையும் காசுடனே வையுங்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.